பத்திரிகையில் மாமன் பேர்

வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோட்டில், தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு கடை நடக்கிறது. விடிந்ததிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வகுப்புக்குப் போகும்வரை அது வேம்புலியம்மாளின் இட்லிக் கடை. வெயில் ஏறியதும் அதுவே வஹீதுன்னிசாவின் பிரியாணிக் கடை. பூந்தமல்லியிலிருந்து மருமகனின் ஆட்டோவில் பிரியாணி தேக்சா வந்து இறங்கும்போது, வேம்புலி இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். ஒப்பந்தம் கிப்பந்தம் எதுவும் கிடையாது. என்றைக்காவது வேம்புலிக்கு நேரமாகிவிட்டால் வஹீதுன்னிசா சண்டைக்கு வரமாட்டாள். மீந்த இட்லியை வடகறியில் பிசைந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "சோக்கா கீது வேம்புலி, உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்பாள். உப்பு கம்மியாக இருந்ததே இல்லை. சும்மா சாப்பிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்வது.

வேம்புலியின் வடகறிக்கு அந்த ரோட்டில் பேர் உண்டு. கடலைப் பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, சோம்பு போட்டுப் பொரித்தெடுத்து, சூடு ஆறுமுன் கையால் உதிர்த்து மசாலாவில் விட வேண்டும். ஆறிய பிறகு உதிர்த்தால் மாவாகிவிடும். அதனால் அவள் விரல் நுனி பத்தும் எப்போதும் சிவந்தே இருக்கும். அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவிலிருந்து பானை, அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவது புருஷன் உலகநாதன். இறக்கி வைத்துவிட்டு, நான்கு இட்லி தின்றுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்விடுவான். தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நிற்பதாலோ என்னவோ வீட்டில் அவனுக்குப் பேச்சு கம்மி. அந்தக் குறையை வேம்புலி தெரியவிட்டதே இல்லை.

வேம்புலி நல்லவள்தான். காசில்லாமல் நிற்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "துன்னுட்டுப் போ, அப்பால பாத்துக்கலாம்" என்று தட்டை நீட்டிவிடுவாள். ஆனால் கல்யாணப் பத்திரிகை ஒன்று கைக்கு வந்துவிட்டால் அவள் வேறு ஆள். முகூர்த்தம் எப்போது, மண்டபம் எங்கே, மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான், எதுவும் கண்ணில் படாது. விரல் நேரே பேர் போட்டிருக்கிற இடத்துக்கு இறங்கும். யார் பேருக்கு மேலே யார் பேர், யாரை விட்டுவிட்டார்கள், யாரைப் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் கல்யாணம் யாருக்கு என்றே பார்ப்பாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் குடும்பம் இரண்டாகப் போனதும் ஒரு பத்திரிகையால்தான். உலகநாதனின் அக்கா தேசம்மாள் ஆவடியில் இருக்கிறாள். அவள் புருஷன் கோவிந்தராஜ் டேங்க் ஃபாக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்தமாக வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார்கள். பத்திரிகையின் முன்பக்கத்தில் கோவிந்தராஜின் தம்பிமார் எல்லார் பேரும் வரிசையாக இருந்தது. கூடப் பிறந்த ஒரே தம்பி உலகநாதன் பேர் பின்பக்கத்தில், தேசம்மாளின் கோலப்போட்டி மகளிர் குழுவுக்குக் கீழே. அதுவும் இனிஷியல் மாறி.

விழாவுக்குப் போய் இலையில் உட்கார்ந்த வேம்புலி, சாதம் விழுவதற்கு முன்னால் எழுந்துவிட்டாள். "கோலம் போட்றவளுக்குக் கீயதான் கூடப் பொறந்தவனா? இனிமே நேர்ல வந்து தட்டு வெச்சுக் கூப்ட்டாதான் இந்த ஊட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்று அவள் சொன்னதைத் தெருவே கேட்டது. தேசம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. "உன் ஊட்டுக்கு வந்து தட்டு வெக்க என் காலு வராதுடி" என்றாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லில் நின்றார்கள்.

மாட்டிக்கொண்டவன் உலகநாதன். அக்கா மகள் ஸ்வாதியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவளுக்கு மஞ்சள் நீராட்டுச் செய்தபோது மேளத்தோடு மாமன் சீர் எடுத்துக்கொண்டு போனவன். அவன் இந்தப் பக்கமும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயாவது ஆவடி என்று பேச்சு வந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அதைப் பார்த்ததும் வேம்புலி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். அதற்காக ரோஷத்தை விட்டுவிட முடியுமா என்ன?

அந்த ஐப்பசிக் காலையில், ராத்திரி விட்ட மழை மரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. லாரி போனால் சேறு தெறிக்கும் என்று ரோட்டுப் பக்கமாகச் சாக்கு கட்டியிருந்தாள் வேம்புலி. பிள்ளைகள் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. காசு வந்தால் சத்தமாகச் சொல்லும் டப்பா தொண்டை வறள ரூபாய் ரூபாயாகக் கத்தி ஓய்ந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தால், வாட்ஸ்அப்பில் 'ஆவடி அண்ணி'.

அந்த நம்பரை அவள் அழிக்காமல்தான் வைத்திருந்தாள். அழித்துவிட்டால், யாரோ என்று நினைத்துத் தெரியாமல் எடுத்துவிடுவோமே என்ற பயம். நான்கு வருஷத்தில் அதிலிருந்து ஒரு குட் மார்னிங்கூட வந்ததில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது: 'எங்கள் இல்லத் திருமண விழா. குடும்பத்துடன் அவசியம் வரவும்.' கீழே ஒரு பத்திரிகை.

"அடிப் பாவி" என்றாள் வேம்புலி, காலி பெஞ்சைப் பார்த்து. "ஸ்வாதிக்குக் கல்யாணமா? தாய்மாமனுக்குப் போன்ல பத்திரிகையா?"

கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. பேர் போட்டிருக்கிறாளா? முன்பக்கமா, பின்பக்கமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்படக்கூட முடியாது. எவ்வளவு கோபப்பட வேண்டும் என்று கணக்குத் தெரிய வேண்டுமே.

தொட்டாள். இதை இன்ஸ்டால் செய்யவா என்று போன் கேட்டது. இது ஆபத்தாக இருக்கலாம் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் காட்டியது. "ஆபத்துதான். அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று அமுக்கினாள். போனில் உள்ள நம்பர்களைப் பார்க்க அனுமதிக்கவா என்றது. அனுமதித்தாள். மெசேஜைப் படிக்க அனுமதிக்கவா என்றது. "எல்லாத்தையும் பட்ச்சிக்கோ. பேரக் காட்டு மொதல்ல" என்று அதையும் அமுக்கினாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பத்திரிகை வரவே இல்லை.

உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். பின்னால் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், உங்க அக்கா போன்ல பத்திரிகை அனுப்பிகீறா. ஸ்வாதிக்குக் கல்யாணமாம்."

அவன் வெளியே வந்திருக்க வேண்டும், மிஷின் சத்தம் குறைந்தது.

"ஸ்வாதிக்கா? மாப்ள இன்னா பண்றானாம்?"

"மாப்ள இன்னா பண்ணா இன்னாய்யா? உன்ன எப்டி கூப்ட்டுகீறாங்கன்னு பாரு. பால்காரனுக்கு அனுப்புற மாதிரி."

"சரிமே."

"இன்னா சரி? போவக் கூடாது, சொல்ட்டேன்."

"என்னிக்கி கல்யாணம்?"

"அத்தப் பாக்கறதுக்குள்ள வட்டம் சுத்துது."

"சரிமே" என்று வைத்துவிட்டான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று வேம்புலிக்குப் பிடிபடவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. வஹீதுன்னிசாவும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தேக்சாவை இறக்கினார்கள். மூடிக்கு மேலே மாவு ஒட்டியிருந்த விளிம்பிலிருந்து புதினா வாசனை கசிந்தது. மருமகன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான். வஹீதுன்னிசா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு போனைப் பார்த்தாள். அப்புறம் வேம்புலியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஏன் வேம்புலி, ஒரு கை தூரத்துல நின்னுகினு கீற. உன் ஊட்டுக் கல்யாணத்துக்கு என்ன வாயால கூப்ட மாட்டியா?"

"எந்த ஊட்டுக் கல்யாணம்?"

"இந்தா, பத்திரிகை அனுப்பிகீறியே. இப்பதான் வந்துச்சு. பானுவுக்கா? எனக்கு ஒரு வார்த்த சொல்லல. நானும் நீயும் ஒரே சட்டியில துன்றவங்க."

"நான் எங்க அனுப்பினேன்கா? எனக்கே எங்க நாத்தனா அனுப்பி, அது தொறக்காம சுத்திகினு கீது."

இரண்டு பேரும் ஒருவர் போனை ஒருவர் பார்த்தார்கள். ஒரே பத்திரிகை. ஒரே 'எங்கள் இல்லத் திருமண விழா'. அதற்குள் வேம்புலியின் போன் நடுங்க ஆரம்பித்தது. மாவு மில்காரர் கூப்பிட்டு, "வாழ்த்துக்கள்மா, மண்டபம் எங்க?" என்றார். கேஸ் சிலிண்டர்காரர் கேட்டார். வடகறிக் கடனை இன்னும் கொடுக்காத ஒரு பிள்ளை கூப்பிட்டு, "ஆன்ட்டி, கல்யாணத்துல உங்க வடகறி உண்டா?" என்றான்.

மகள் பானுப்பிரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பில் கவுன்ட்டர் வேலை.

"மா, எனக்குக் கல்யாணமாமே? கேன்டீன் அண்ணன் வந்து கைய குடுக்கறாரு. மாப்பிள்ளை யாருன்னு என்னையே கேக்கறாங்க. போனக் குடு."

வாங்கியதும் நெட்டை நிறுத்தினாள். "நீ இதத் தொட்டியா? இன்ஸ்டால் குடுத்தியா?"

"குடுத்தேன். கேட்டுச்சு, குடுத்தேன்."

"மா, இது பத்திரிகையே இல்ல. பத்திரிகை மாதிரி பேர் வெச்சிகினு உள்ள வர்ற திருட்டு ஆப். பத்திரிகைன்னா படமா வரும், பாத்துட்டு மூடிட்டுப் போலாம். எந்தப் பத்திரிகையாவது இன்ஸ்டால் பண்ணவா, மெசேஜைப் படிக்கவான்னு கேக்குமா?"

"நான் யாருக்கும் ஓடிபி சொல்லலியேடி. பேங்குலருந்து பேசறேன்னு எவன் கேட்டாலும் சொல்லாதன்னு நீதானே சொன்ன. நான் சொல்லல."

"நீ சொல்லவே வேணாம்மா. மெசேஜைப் படிக்க அனுமதி குடுத்துட்டல்ல, அவனே படிச்சிக்குவான். உன் பேர்ல எல்லாருக்கும் அவனே பத்திரிகையும் அனுப்புவான்."

வேம்புலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பானு, வஹீதுன்னிசாவின் போனை வாங்கி முதலில் பேங்குக்குப் பேசி அக்கவுன்ட்டை நிறுத்தச் சொன்னாள். அப்புறம் சைபர் குற்றத்துக்கான 1930-க்குப் போட்டு, கேட்டதற்கெல்லாம் ஒன்றொன்றாகப் பதில் சொன்னாள். புகார் நம்பரைக் கையிலேயே எழுதிக்கொண்டாள். அந்த வாரத்து அரிசி உளுந்துக்கு வைத்திருந்தது போய்விட்டிருந்தது. மிச்சம் நின்றுவிட்டது.

"போனது வருமா?"

"வரலாம். ஒடனே சொன்னதால புடிச்சி நிறுத்த வழி கீதுன்றாங்க. நாளைக்குன்னு வுட்டிருந்தா தொடச்சிட்டுப் போயிருப்பான்."

"நாசமாப் போறவன்" என்று வேம்புலி ஆரம்பித்து, அவனுடைய ஏழு தலைமுறைக்கும் வழி சொல்லி அனுப்பினாள். சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் சந்தேகம் வந்தது. "ஏன்கா, நீ ஏன் தொடல?"

வஹீதுன்னிசா தேக்சா மூடியைச் சுற்றியிருந்த மாவைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குத் தொடணும்? பக்கத்துல நின்னுகினு போன்ல கூப்புட்ற. ஊட்டுக்கு வந்து, குந்தி, தண்ணி குடிச்சிட்டுக் கூப்ட்டாதான் அது அழைப்பு. இல்லாங்காட்டி அந்தப் பத்திரிகைய நான் ஏன் பாக்கணும்? கோவத்துல தொடல."

"எனக்கும் கோவம்தான் வந்துச்சு."

"உனக்குக் கோவம் பாதி, பேர் பாக்கற ஆச பாதி. ஆசைக்குத்தான் அவன் கண்ணி வெக்கறான்" என்று சொல்லிவிட்டு, "சரி, இந்தா, ஒரு வாய் துன்னு" என்று முதல் கரண்டியை அவளுக்குப் போட்டாள்.

போனைச் சுத்தமாக அழித்துப் புதிதாக்கும்வரை யாருக்கும் அதிலிருந்து சொல்ல முடியாது. பானு தன் போனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பினாள். வேம்புலி ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, காசு வாங்கும் க்யூஆர் பலகைக்கு மேலே மாட்டச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லப் பானு எழுதினாள்: 'எங்க வீட்டில் கல்யாணம் இல்லை. போனில் வந்த பத்திரிகையைத் தொடாதீர்கள். இன்றைக்குக் கையில் காசு மட்டும். நாளைக்கும் வடகறி உண்டு.' பிரியாணிக்கு வந்த பிள்ளைகள் அதைப் படம் பிடித்து அனுப்பி, சாயங்காலத்துக்குள் அந்த அட்டை மூன்று காலேஜும் சுற்றிவிட்டது.

பிற்பகலில் உலகநாதன் வந்தான். அவன் வருகிற நேரமே இல்லை அது. மழைத் தூறலில் நனைந்த சட்டை, கையில் ஒரு துணிக்கடைப் பை. பையை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்துப் பிடித்திருந்தான்.

"அரை நாள் லீவு போட்டேன்" என்றான். "அம்பத்தூர் ஓ.டி. கடையில ஒரு பொடவ எடுத்தேன். ஸ்வாதிக்கு."

வேம்புலி தலை துவட்டத் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"போன்ல கூப்ட்டா இன்னா, நேர்ல கூப்ட்டா இன்னா. கூப்டாட்டியும் இன்னா. பொண்ணுக்கு மாமன் நான்தானே. மாமன் பொடவ இல்லாம அவள மணவறையில ஒக்கார வெக்க முடியுமா?"

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி வருஷக்கணக்காகிறது. பையைத் திறந்து காட்டினான். மயில்கழுத்து நிறம், அகலமான சரிகை. அவன் தனியாகப் போய் எடுத்த புடவை என்று யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு நன்றாக இருந்தது. அவனிடம் கல்யாணம் இல்லை என்று யார் சொல்வது? பானு அம்மாவைப் பார்த்தாள். வேம்புலி வஹீதுன்னிசாவைப் பார்த்தாள். வஹீதுன்னிசா தேக்சாவுக்குள் பார்த்தாள்.

கடைசியில் பானுதான் சொன்னாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டான். முடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அக்கா போனும் அப்டித்தானே ஆயிருக்கும்? அதுக்குத் தெரியுமா?"

அந்த யோசனை அதுவரை யாருக்கும் வரவில்லை. பானு தன் போனிலிருந்து அத்தைக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோவிந்தராஜ் மாமா நம்பர் மாறிவிட்டது. ஸ்வாதி நம்பர் இவர்களிடம் இல்லை. நான்கு வருஷத்தில் அவ்வளவு மாறியிருந்தது.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்துட்றேன்" என்று உலகநாதன் எழுந்தான். "நீ வரவாணாம்மே. நீ சொன்ன சொல்லு சொன்னதாவே இருக்கட்டும்."

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னான். அதுதான் வேம்புலிக்குச் சுருக்கென்றது. புடவைப் பையை நனையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, தன்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு இனிஷியலுக்காகவா இந்த மனுஷனை இவ்வளவு நாள் நிற்கவைத்தோம்?

"மாமன் பொடவைய மாமன் தனியா எடுத்துகினு போவானா? ஊருல சிரிப்பாங்க. வண்டிய எடுய்யா" என்றாள்.

திருவேற்காடு வழியாக, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, மீன்பாடி வண்டி ஆவடிக்குப் போனது. வழி முழுக்க வேம்புலி, வாசல் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டு வந்தாள். எழுதியது எதுவும் பயன்படவில்லை. வண்டி நின்றபோது தேசம்மாள் வெளியே போகும் புடவையில், கையில் குடையோடு, வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணி கெளம்பிட்ட?"

"உன் ஊட்டுக்குத்தான்டி" என்றாள் தேசம்மாள், குடையை ஆட்டி. "பானுவுக்குக் கல்யாணம் வெச்சிகினு அத்தைக்காரிக்குப் போன்ல பத்திரிகை அனுப்புறியா? அவளுக்கு நலங்கு வெக்கற கை எது? இந்தக் கை. நேர்ல வந்து நாலு வார்த்த கேக்கலன்னா எனக்கு ராவுக்குத் தூக்கம் வராது."

"உன் போன்லருந்தும்தான் ஸ்வாதிக்குக் கல்யாணம்னு தாய்மாமன் ஊட்டுக்குப் பத்திரிகை வந்துச்சு."

"ஸ்வாதிக்குக் கல்யாணமா? யார்டி சொன்னது? பொண்ணு பாக்கவே வர்ற வெள்ளிக்கெயமதான் வராங்க."

"அண்ணி, நீ அனுப்பாததுதான் எனக்கு வந்துச்சு. நான் அனுப்பாததுதான் உனக்கு வந்துச்சு. ரெண்டுமே திருட்டுப் பத்திரிகை."

இதைப் புரியவைக்க நேரமானது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாது. கோவிந்தராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று கண்டு, மைத்துனன் உலகநாதன் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்று உள்ளேயிருந்து உலகநாதன் குரல் கொடுத்தான். "அக்கா, உன் போனு எங்க?"

"அரிசி டப்பால."

"இன்னாது?"

"காலைலருந்து சூடா கொதிச்சிது நைனா. அப்ப பாத்து உன் பொண்டாட்டி பத்திரிகை வேற வந்துச்சா, எனக்கும் சூடு. தண்ணி பட்ட போன அரிசில வெச்சா சரியாவுதுல்ல, சூடு பட்டதும் சரியாவும்னு ஆஃப் பண்ணி உள்ள சொருவிட்டேன்."

ஸ்வாதி அரிசிக்குள் கையை விட்டு எடுத்தாள். உலகநாதன் போனில் பானு சொல்லச் சொல்ல, இங்கே ஸ்வாதி செய்தாள். போனைத் திறக்காமலே, கோவிந்தராஜ் போனிலிருந்து பேங்குக்குப் பேசினாள். எதுவும் போகவில்லை. அணைத்து வைத்ததால் தப்பித்தது என்று அங்கே சொன்னார்கள். தேசம்மாளுக்கு உடனே முகம் மலர்ந்தது. "பாத்தியா, அரிசி" என்றாள்.

"அரிசி இல்லம்மா, ஆஃப் பண்ணதுதான்."

"அரிசியும்தான்" என்று அவள் விடவில்லை.

"சரி, நீ ஏன் அத்தத் தொட்ட?" என்று வேம்புலி கேட்டாள்.

தேசம்மாள் குடையை மடக்கி மூலையில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். "காலைல கோலப்போட்டி குரூப்புல வந்துச்சு. தலைவி ஊட்டுக் கல்யாணம்னு. எத்தன வருஷமா அவளுக்குக் கோலப்பொடி சலிச்சிக் குடுக்கறேன், என் பேரு போட்டுகீறாளான்னு..."

முடிப்பதற்குள் வேம்புலி சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து சிரித்தாள். தேசம்மாள் முறைத்துப் பார்த்தாள். அப்புறம், "நீ எதுக்குத் தொட்டன்னு எனக்குத் தெரியும்டி" என்று சொல்லி அவளும் சிரித்தாள். ஸ்வாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு பணம் போக இருந்ததற்கு இப்படிச் சிரிக்கிறார்களே என்று மாமனைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு வேம்புலி வாசப்படி மிதித்ததை யாரும் சொல்லிக்காட்டவில்லை. தேசம்மாளின் கால் கிளம்பியிருந்ததையும் யாரும் சொல்லிக்காட்டவில்லை. சண்டை போடக் கிளம்பியதாகவே இருக்கட்டும், கிளம்பியது கிளம்பியதுதானே. தேசம்மாள் பின்கட்டிலிருந்து வாழையிலை ஒன்றை அறுத்துவந்து, தண்ணீர் தெளித்து வேம்புலிக்கு முன்னால் போட்டாள். மத்தியானத்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும்தான் இருந்தது.

"இன்னிக்காவது துன்னுட்டு எழுந்திரு" என்றாள்.

வேம்புலி குனிந்த தலை நிமிராமல், கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உப்பு உண்மையிலேயே ஒரு கல் கம்மி. சொல்லவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தட்டு கேட்டு வாங்கி, புடவையை அதில் வைத்து, புருஷனைப் பக்கத்தில் நிற்கவைத்து ஸ்வாதியிடம் நீட்டினாள். "கல்யாணத்துக்குன்னு எடுத்துட்டாரு உங்க மாமா. கல்யாணம் இல்லன்னா இன்னா, வெள்ளிக்கெயம கட்டிக்கோ."

"வெள்ளிக்கெயம மாமன் முன்னாடி ஒக்காரணும்" என்றாள் தேசம்மாள் தம்பியிடம். "இத்தப் போன்ல சொல்லல பாரு. நேர்ல சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மாமன் முன்னால் உட்கார்ந்தான். மயில்கழுத்துப் புடவையில் ஸ்வாதியைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துப்போனது. மாசியில் கல்யாணம் என்று நிச்சயமானது.

தை பிறந்து ஒரு காலையில், கடையில் கூட்டம் நெருக்கியடிக்கும் நேரமாகப் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. தேசம்மாளும் கோவிந்தராஜும் இறங்கினார்கள். தேசம்மாள் கையில் தாம்பாளம்: வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. வீட்டுக்குப் போய், கடைக்குப் போய்விட்டாள் என்று தெரிந்து, தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வேம்புலி கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கென்று சீக்கிரமாகவே வந்திருந்த வஹீதுன்னிசாவுக்கும் தேசம்மாள் ஒரு பத்திரிகை கொடுத்தாள். "ஊடு பூந்தமல்லில எங்கன்னு சொல்லு, நேர்ல வந்தும் கூப்புட்றேன்" என்றாள். வஹீதுன்னிசாவுக்கு அது ரொம்பப் பிடித்தது.

வேம்புலி பத்திரிகையைத் தொடாமல் தாம்பாளத்தை அப்படியே பெஞ்சில் வைத்தாள். "ரெண்டு பேரும் குந்துங்க. இட்லி சூடா கீது."

தேசம்மாள் உட்காரவில்லை. "பிரிச்சுப் பாக்கல?"

"எதுக்கு அண்ணி? நேர்ல வந்துட்டீங்க. போதும்."

"பாருடி."

"பாக்கறேன், அப்பால."

"இன்னா அப்பால? நீ பாக்காம இருந்து நான் பாத்ததே இல்ல. இப்ப பாரு." தேசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அச்சாபீஸ்ல நானே குந்திகினு இருந்து எழுத்து எழுத்தா சரிபாத்து வாங்கிகினு வந்தேன். பாருடி."

வேம்புலி பிரித்தாள். பழக்க தோஷத்தில் விரல் அடிப்பக்கம் போனது. அங்கே இல்லை. மேலே வந்தாள். மணமக்கள் பேருக்கு நேர்கீழே, முன்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் தாய்மாமன் என்று போட்டு உலகநாதன் பேர். அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், வேம்புலியம்மாள்.

இவ்வளவு வருஷமாக எத்தனையோ பத்திரிகையில் எத்தனையோ பேரைத் தேடியவள். தன் பேரை அவள் எதிலும் தேடியதே இல்லை. அது எங்கேயாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இட்லிக்கு நிற்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால், பத்திரிகையும் கையுமாக நின்று வேம்புலி அழுதாள். தேசம்மாள் அவள் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரிசையில் நின்ற ஒருத்தி, "ஆன்ட்டி, இது நிஜக் கல்யாணமா?" என்று கேட்டாள்.

"நிஜம்தான். தட்டு வெச்சுக் கூப்ட்டுகீறாங்க பாரு" என்று வஹீதுன்னிசா சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியைக் கையில் எடுத்தாள். "நீ தட்டக் காட்டு. சட்னியா, வடகறியா?"